கடையில் சாம்பல், வீட்டில் பச்சை: சாயம் வாங்கும் முன் கவனிக்க

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூச நினைப்போரில், பளிச்சென்ற மஞ்சளும் நீலமும் வேண்டாம் என்று மங்கலான பச்சையையும் சாம்பலையும் தேடுவோர் உண்டு. சாம்பல் பூசணியின் தோலை நினைத்துக்கொண்டால் அது எந்த வகை நிறம் என்பது புரியும். சிக்கல் என்னவென்றால், வண்ண அட்டையில் அடுத்தடுத்து இருக்கும் நான்கைந்து நிறங்கள் கடையில் ஒன்றுபோலவே தெரியும். சுவரில் ஏறிய பிறகுதான் ஒன்று ஆஸ்பத்திரிச் சுவராகவும் இன்னொன்று பூசாத சிமெண்டாகவும் நிற்கும். நமக்கென்று கலந்து கொடுத்த சாயத்தைக் கடைக்காரர் பொதுவாகத் திருப்பி வாங்கமாட்டார்.

கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த சாம்பல் சுவர்ச் சாயத்தில் குறைவு. நீலமோ பச்சையோ மஞ்சளோ கொஞ்சம் சேர்ந்திருக்கும். தனியாகப் பார்த்தால் அது தெரியாது. இரண்டு நிற அட்டைகளையும் ஒரு வெள்ளைத் தாள்மீது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளிவந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் தரைதான் முதல் வில்லன். பழைய தோட்டப்புற வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு அருகே, சாம்பல் சுவர் கண்ணுக்குச் சற்றுப் பச்சையாகப் படும். வாசலுக்கு எதிரே செம்பனையோ புல்வெளியோ இருந்தால், உள்ளே வரும் வெளிச்சத்திலும் பச்சை கலந்திருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் சாம்பலை வாங்கினாலே பச்சை கிடைத்துவிடும். பச்சையை வாங்கினால் மிஞ்சிவிடும்.

பட்டணத்து வரிசை வீடுகளில் கதை வேறு. முன் ஹாலுக்குப் பகல் வெளிச்சம் உண்டு, நடு அறைக்கு விளக்குதான் கதி. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் சாம்பல் பச்சை, காய்ந்த இலை நிறத்துக்குப் போகும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் அதே சுவர் நீலம் பாய்ந்து, பச்சை ஒதுங்கிவிடும். விளக்குப் பெட்டியிலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். விளக்கை மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் மாற்றிவிட்டு நிறம் பார்ப்பதே சரி.

சிறிய டப்பா ஒன்று வாங்கி, பெரிய மணிலா அட்டையில் இரண்டு பூச்சு பூசிக் காயவிடுங்கள். ஈரச் சாயத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். சுவரிலேயே பூசிப் பார்த்தால், சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையை ஜன்னல் ஓரத்திலும் எதிர்ச் சுவரிலும் மூலையிலும் மாற்றி மாற்றி ஒட்டி, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பார்க்கலாம். சாமி மேடை இருக்கும் சுவர் என்றால் விளக்கேற்றியும் ஒருமுறை பாருங்கள். எண்ணெய் விளக்கின் ஒளி, மஞ்சள் எல்இடியைவிடவும் செம்மஞ்சள்.