நேர்பல் சக்கரத்தின் ஊளை

காரைப் பின்னுக்கு எடுக்கும்போது 'உய்ய்ங்' என்று ஒரு சத்தம் எழுமே, அதைக் கேட்காத குடும்பம் நம் சங்கத்தில் இருக்க முடியாது. முன்னுக்குப் போகும்போது அடங்கிக் கிடக்கும் அதே கார் ரிவர்ஸில் மட்டும் ஏன் ஊளையிடுகிறது? பெரும்பாலான கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. மற்ற கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. விடை இவ்வளவுதான். ஆனால் இதன் உள்விஷயம் தெரியாமல் நல்ல கியர் பாக்ஸைக் கெடுத்துக்கொள்பவர்களையும், கெட்டுப்போனதை 'அது அப்படித்தான் கத்தும்' என்று ஓட்டித் தீர்ப்பவர்களையும், மைசூரில் பேரிங், ஆயில் சீல் வியாபாரம் செய்யும் நான் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன்.

இரண்டு உள்ளங்கைகளையும் நேருக்கு நேர் தட்டிப் பாருங்கள்; 'பட்'டென்று ஓசை வரும். ஒரு கையின் அடியில் தொடங்கி விரல் நுனிவரை மற்ற கையை மெல்ல உருட்டி வையுங்கள், ஓசையே இல்லை. நேர்பல் முதல் வகை. பல்லின் முழு அகலமும் ஒரே கணத்தில் பாரத்தை ஏற்கிறது. சாய்பல் இரண்டாம் வகை. ஒரு பல் விடுவதற்குள் அடுத்தது தொட்டுவிடும். நேர்பல்லில் ஒரு கணம் ஒரு ஜோடிப் பல், மறுகணம் இரண்டு ஜோடி என்று பாரம் மாறி மாறி விழுவதால், எஃகு பல் நூலளவிலும் குறைவாக வளைந்து நிமிர்கிறது. அந்த அதிர்வுதான் ஊளை. 20 பல் உள்ள சக்கரம் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 50 சுற்று, 1000 பல்லடி. அதாவது 1000 ஹெர்ட்ஸ் சுருதி. நம் காதுக்கு நன்றாகவே எட்டும் இடம்.

சாய்ந்த பல் ஏதோ மேலைநாட்டுப் புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். பருத்தியில் கொட்டை பிரிக்கும் நம் கைச்சுற்று மணையின் மர உருளைகளின் முனையில் சாய்வாக மரை செதுக்கியிருப்பார்கள். அங்கே நோக்கம் சத்தக் குறைப்பு அல்ல, இரண்டு உருளைகளையும் எதிரெதிராகச் சுழற்றுவது. (பொறியைத் திருகுவது என்றதும் எங்கள் திருத்தக்கதேவரின் மயிற்பொறி நினைவுக்கு வராமல் இருக்குமா? வலப்பக்கம் திரித்தால் பறக்கும், இடப்பக்கம் திரித்தால் இறங்கும்.)

அப்படியானால் நேர்பல்லை வேண்டுமென்றே யார் போடுவார்கள்? பந்தயக்காரர்கள். சாய்பல் சக்கரம் பாரம் ஏறும்போது தண்டின் நீளவாக்கில் ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க பேரிங்கும் பெட்டியும் உறுதியாக இருக்க வேண்டும். நேர்பல்லில் அந்தத் தள்ளல் கிடையாது, சக்தி விரயமும் கொஞ்சம் குறைவு. நேர்பல் இயல்பிலேயே அதிக பலம் என்று சொல்வது மட்டும் சரியல்ல. அதே அளவில் நன்றாகச் செய்த சாய்பல்லே கூடுதல் பாரம் தாங்கும். 1489 சி.சி. எஞ்சினோடு வந்த அம்பாசடரின் நாலு கியர் பெட்டியில் முதல் கியர் நேர்பல்தான். வண்டி நின்ற பிறகே அதில் போடணும் என்று பழைய டாக்சி டிரைவர்கள் சொன்னது இதனால்தான். அதற்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஜி. கார்களுக்கு எல்லா கியரும் நேர்பல்லாக உள்ள செட் இங்கிலாந்தில் கிடைக்கிறது. பழைய கார்களை மாற்றியமைக்கும் இளைஞர்களுக்கு அந்த மாதிரி செட்டின் மேல்தான் ஆசை.

மைசூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வரலாம். யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, யெஸ்டி பைக்குகளின் கியர்களும் நேர்பல்தானே, அவை ஊளையிட்டதாகத் தெரியவில்லையே என்று. இரட்டை சைலன்சரின் 'டப டப' முன்னால் கியரின் குரல் யாருக்குக் கேட்கும்? காருக்குள் கதவை மூடி உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தொல்லை.

எந்தச் சத்தத்தையும் அடக்குமுன் அது குரலா, நோயா என்று பார்க்க வேண்டும். கியரின் இயல்பான ஊளை ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் மாறும். சாமுண்டி மலை ஏறும்போது இரண்டிலும் மூன்றிலும் கேட்டு, பெங்களூர் சாலையில் நாலாவதில் அடங்கினால் கவலை இல்லை. இந்தப் பெட்டிகளில் நாலாவது கியரில் சக்தி நேராகவே கடந்து போகிறது, பற்களின் மேல் பாரம் இல்லை. நாலாவதிலும் அதே ஊளை தொடர்ந்தால் பின் ஆக்ஸிலைப் பாருங்கள். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது உறுமல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால், பெரும்பாலும் கியர் பாக்ஸ் பேரிங். எண்ணெயை இறக்கி, ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவு போல் ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஒரு வாடிக்கையாளர் பழைய அம்பாசடர் ஒன்று வாங்கினார். சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி ஓடுது என்றார். இரண்டு மாதத்தில் பெட்டி இறுகிவிட்டது. திறந்தால் எண்ணெயோடு மரத்தூள்! விற்பவர்களில் சிலர் செய்யும் பழைய தந்திரம் இது. தூள் பற்களுக்கு நடுவே மெத்தையாகி ஊளையை மறைக்கும், பேரிங்குக்கு எண்ணெய் போகும் வழியை அடைக்கும். கிரீஸ் போன்ற கெட்டி எண்ணெயை ஊற்றுவதும் இதற்குத் தம்பிதான். கையேட்டில் எழுதியதைவிடக் கெட்டியானது வேண்டாம். பின் ஆக்ஸிலுக்கு வாங்கிய ஜிஎல்-5 எண்ணெயில் மிச்சம் இருக்கிறதே என்று கியர் பாக்ஸிலும் ஊற்றாதீர்கள். அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

உண்மையான மருந்து பல்லிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரிலோ பெங்களூர் பீன்யாவிலோ கியர் வெட்டக் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். பல் சின்னதாக, எண்ணிக்கை கூடுதலாக. சூடேற்றிக் கடினப்படுத்திய பிறகு கிரைண்டிங். பல்லின் நுனியில் மிக மெல்லிய விடுப்பு. வளைந்த பல் அடுத்ததில் இடிக்காமல் நுழைய அந்த விடுப்புதான் வழி விடுகிறது. செலவு கூடும். ஆனால் தரைக்கு மெத்தை போடச் செலவழிப்பதைவிட இதுவே மேல்.

பிறகுதான் மெத்தை. பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை எடுத்துவிட்டு பந்தய மோகத்தில் இரும்பைப் போட்டவர்கள் முதலில் ரப்பரைத் திரும்பப் போடட்டும். இரும்பு வழியாக அதிர்வு பாடியில் ஏறினால் கார் முழுவதும் தம்பூரா ஆகிவிடும். அடுத்து ஓட்டைகள். பெடல் நுழையும் துளை, கியர் ராடு வரும் இடம், தகட்டின் பழைய திருகுத் துளை. தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு கனத்த பாய் விரித்தாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. அடைத்த பிறகு தகட்டில் தார் ஷீட், அதன் மேல் ஃபெல்ட், அதற்கும் மேல் கனமான ரப்பர். தடுப்பின் எடையை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சைலன்சர் குழாய் அருகில் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் கூடாது.

பக்கத் தள்ளலும் இல்லாமல் சத்தமும் குறைவாக ஒரு பல் உண்டு: இடமும் வலமும் சாய்ந்த இரட்டைச் சாய்பல். ஆந்த்ரே சிட்ரோயன் கார் செய்யத் தொடங்குமுன் இந்தச் சக்கரங்களைத்தான் செய்து விற்றார். அவர் பெயர் தாங்கிய காரின் முகப்பில் இருக்கும் இரண்டு தலைகீழ் 'வி' அந்தப் பற்களே. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அந்தப் பெயரை 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது சிட்ரோயனின் உடன்பிறப்பான பியூஜோ. சிட்ரோயன் கார்கள் இப்போது நம் திருவள்ளூரில் தயாராகின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சாலையில் அந்த முகப்பைக் கண்டால், பிள்ளைகளிடம் அது என்ன பல் என்று கேட்டுப் பாருங்கள்.