சரக்கு இருக்கும் ஊருக்குச் சபை வரட்டும்

சென்னையில் நடக்கும் ஒரு நாள் தொழில் மாநாட்டுக்கு தேனி மாவட்டத்து மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் போய்வர மூன்று நாள் வேண்டும். முதல் நாள் மாலையே வேலையைப் போட்டுவிட்டுச் சின்னமனூர் வந்து பேருந்து ஏற வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து, விடியும் நேரத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்க வேண்டும். விடுதிகளில் பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால் அறை கிடைப்பது அரிது. எங்கோ ஓரிடத்தில் குளித்து, சட்டை மாற்றி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போய்ச் சேர்ந்தால் பெயர்ப்பதிவு வரிசை நிற்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை, திரையில் ஆங்கில எழுத்து என்று முற்பகல் போய்விடும். அவர் தேடி வந்த ஏற்றுமதியாளரைப் பிடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான் உண்டு. அவரைச் சுற்றி அதற்குள் பத்துப் பேர் நிற்பார்கள். மாலையில் மறுபடி கிளாம்பாக்கம். மூன்றாம் நாள் காலையில் ஊர் திரும்பும்போது, நடவுக்குச் சொல்லி வைத்த ஆட்கள் வேறு வயலில் இறங்கியிருப்பார்கள்.

மாநாட்டுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் மேசையில் இந்த மூன்று நாள் கணக்கு வருவதில்லை. அங்கே பார்க்கப்படுபவை வேறு. வெளிநாட்டிலிருந்து நேரடி விமானம் உண்டா, ஒரே வளாகத்தில் எத்தனை அறை கிடைக்கும், அரங்கில் எத்தனை நாற்காலி, அமைச்சர் தொடக்கவுரைக்கு வந்துவிட்டு அரை மணியில் தலைமைச் செயலகம் திரும்ப முடியுமா. இப்படிக் கேட்டால் எந்த நாட்டிலும் விடை பெரும்பாலும் தலைநகராகத்தான் வரும். உலக அளவில் மாநாடுகளைக் கணக்கெடுக்கும் ஐ.சி.சி.ஏ. அமைப்பின் பட்டியல்களில் பாரிஸ், வியன்னா, லிஸ்பன், சிங்கப்பூர் ஆகிய பெயர்கள் ஆண்டுதோறும் மேலே நிற்பது இதனால்தான். பெரிய மண்டபங்களும் தலைநகரிலேயே எழுகின்றன. கொழும்பில் 1973-ல் சீன உதவியுடன் பண்டாரநாயக்க நினைவு மாநாட்டு மண்டபம் எழுந்தது. மூன்றே ஆண்டில், 1976-ல், அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு அங்கே கூடியது. டெல்லியில் 2023 ஜூலையில் பாரத் மண்டபம் திறக்கப்பட்டது. செப்டம்பர் 9, 10 தேதிகளில் ஜி-20 தலைவர்கள் அங்கே அமர்ந்தார்கள்.

சென்னையின் தகுதியை நான் குறைக்க வரவில்லை. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் விமான நிலையத்துக்கும் கத்திப்பாராவுக்கும் பக்கத்தில் இருக்கிறது. துறைமுகம், வெளிநாட்டுத் துணைத் தூதரகங்கள், வங்கிகளின் மண்டல அலுவலகங்கள், கோப்பில் கையெழுத்திடும் செயலாளர்கள் எல்லாம் ஒரே ஊரில். உலக முதலீட்டாளர் மாநாடு 2015, 2019, 2024 என்று மூன்று முறையும் அந்த மையத்தில்தான் நடந்தது. முதல் மாநாட்டில் 2.42 லட்சம் கோடி ரூபாய்க்கும், 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் நடந்த மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கும் ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. ஒரு கார் தொழிற்சாலைக்காரர் நிலம், மின்சாரம், வரிச்சலுகை பற்றி அரசோடு பேச வருகிறார். அரசு இருக்கும் ஊருக்குத்தான் அவர் வர வேண்டும். அதில் கேள்வியே இல்லை. மழைக்காலத்தை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஊரை நிறுத்தியது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை சென்னையில் பெருங்கூட்டம் வைப்பது வானத்தை நம்பிப் பணம் கட்டுவது.

என் வழக்கு வேறு. வேளாண் விளைபொருள் வணிகம் பற்றிய மாநாட்டையும், வாங்குவோர் - விற்போர் சந்திப்பையும், பழ ஏற்றுமதிக் கருத்தரங்கையும் அதே அளவுகோலால் அளந்து அதே நந்தம்பாக்கத்துக்குக் கொண்டுபோவது ஏன்?

மார்க்கையன்கோட்டை வயல் வரப்பில் நின்று சுற்றிப் பாருங்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் பூமி இது. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த அணையிலிருந்து வரும் நீரை நம்பி, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் சாகுபடி நடக்கிறது. மழையும் அணையும் ஒத்துழைக்கும் ஆண்டுகளில் ஜூன் 1-ஆம் தேதி முதல் போகத்துக்கு மதகு திறக்கும். பக்கத்திலே சனீஸ்வரர் குடிகொண்ட குச்சனூர். சின்னமனூரைச் சுற்றி வாழை. அங்கிருந்து மேகமலைக்கு ஏறினால் தேயிலை. கம்பம் பக்கம் போனால் பந்தல் பந்தலாகப் பன்னீர்த் திராட்சை. மேற்கே மலை ஏறினால் ஏலத்தோட்டங்கள். ஏலக்காய் வியாபாரம் போடிநாயக்கனூரில். ஒரு பகல் பொழுதில் ஐந்து சரக்கைப் பயிராகவே பார்த்துவிடலாம். ஒரு கொள்முதல்காரருக்கு இதைவிட நல்ல மாநாட்டு அரங்கு எங்கே இருக்கிறது?

திராட்சையையே எடுத்துக்கொள்வோம். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான் இங்கே பன்னீர்த் திராட்சை ஆனது. 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலான ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம். இங்கே கவாத்தை முன்பின்னாகச் செய்து ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் தொங்க வைக்கிறார்கள். வாங்க வருபவருக்குப் புரிய வேண்டிய முதல் செய்தி இதுதான். ஆனால் மெல்லிய தோல், நிறையச் சாறு. வெட்டிய பின் அதிக நாள் தாங்காத பழம். இதைப் பெட்டியில் அடைத்து ஓர் இரவு லாரியில் சென்னைக்கு அனுப்பி, குளிரூட்டிய அரங்கில் தட்டில் அடுக்கி வைத்தால், வருகிறவர் பார்ப்பது களைத்துப்போன பழத்தை. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் நின்றால் கவாத்து, நோய், ரகம் என்று கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிடலாம். நந்தம்பாக்கத்தில் அதே செய்தி ஆறு படங்களாகத் திரையில் ஓடி முடிந்துவிடும்.

ஏலக்காய்க் கதை இன்னும் அழுத்தமானது. தோட்டங்களில் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும், கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் மக்கள். தோட்ட முதலாளிகளிலும் வியாபாரிகளிலும் பலர் இந்த மண்ணுக்காரர்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. கணினியில் விலை ஏறுகிறது என்றாலும், ஏலதாரர் மாதிரிக் காயைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, உடைத்து முகர்ந்துதான் பொத்தானை அழுத்துகிறார். உலகச் சந்தையில் குவாத்தமாலா ஏலக்காய் போட்டிக்கு நிற்கிறது. பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று வளைகுடா நாடுகளில் நம் சரக்குக்குச் சிக்கல் வந்திருக்கிறது. எச்சத்தைப் பற்றிய பேச்சு யார் காதில் விழ வேண்டும்? மருந்து தெளிப்பவர் காதிலும், ஸ்டோரில் காய் உலர்த்துபவர் காதிலும். அவர்களில் ஒருவரும் சென்னை அரங்கில் இருக்க மாட்டார்கள். மேடையில் இருப்பவர்கள் ஏற்கெனவே அறிந்ததைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக் கலைவார்கள்.

அரசுக்கே இந்த நியாயம் ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. தேயிலை வாரியம் கொல்கத்தாவில், காபி வாரியம் பெங்களூரில், ரப்பர் வாரியம் கோட்டயத்தில், புகையிலை வாரியம் குண்டூரில், நறுமணப் பொருள் வாரியம் கொச்சியில். ஒன்றுகூட டெல்லியில் இல்லை. ரப்பருக்கும் நறுமணப் பொருளுக்கும் திருவனந்தபுரத்தைக்கூடத் தேடவில்லை. சரக்கும் சந்தையும் இருந்த இடத்தில் அலுவலகம் போட்டார்கள். உலக நறுமணப் பொருள் மாநாட்டின் தடமும் அப்படித்தான். 2014-ல் கொச்சி. 2016-ல் அகமதாபாத், சீரகச் சந்தையான ஊஞ்சா அதே குஜராத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் நவி மும்பையின் வாஷி. மசாலா மொத்தச் சந்தை அங்கேயே, நவசேவா துறைமுகம் அருகிலேயே. ஜி-20 ஆண்டில்கூட உச்சி மாநாடு மட்டுமே டெல்லிக்கு. இருநூறுக்கும் மேற்பட்ட மற்றக் கூட்டங்கள் நாடெங்கும் பிரிந்தன. வேளாண் விஞ்ஞானிகள் வாரணாசியில் கூடினார்கள். சுற்றுலாக் கூட்டங்கள் கட்ச் பாலைக்கும் சிலிகுரிக்கும் போயின.

தமிழ்நாட்டுக்குள் பார்த்தால் கோவை ஒரு பாடம். அங்கே சிறுதொழில் முனைவோர் சங்கமான கொடிசியா, அரசு கட்டித் தரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. தாங்களே அவினாசி சாலையில் வளாகம் எழுப்பினார்கள். 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு அந்த வளாகத்துக்கு வந்தது. ஆண்டுதோறும் ஜூலையில் அங்கே நடக்கும் வேளாண் கண்காட்சிக்கு நம் பள்ளத்தாக்கிலிருந்தும் ஆட்கள் வேன் பிடித்துப் போகிறார்கள். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊரில் பம்பு, மோட்டார் கண்காட்சி. செய்தவரிடமே கேட்டு வாங்கலாம். 2025-ல் அரசும் முதலீட்டாளர் மாநாடுகளைத் தூத்துக்குடி, ஓசூர், கோவை என்று வெளியூர்களில் நடத்தியது. மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய மாற்றம் இது. அடுத்த அடி விளைபொருளுக்காக எடுத்து வைக்கப்பட வேண்டும்.

அப்படியானால் தேனியிலோ கம்பத்திலோ பெரிய மாநாடு நடத்தலாமா? இன்றைய நிலையில் முடியாது. இந்த மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆயிரம் விருந்தினருக்கு ஒரே தரத்தில் அறை தேடினால் தேனியும் கம்பமும் தேக்கடியும் சேர்ந்தாலும் திணறும். திருமண மண்டபங்கள் தாராளமாக உண்டு. ஆனால் மொழிபெயர்ப்புக் கருவியும், நிற்காத மின்சாரமும், நல்ல இணையமும் வேண்டிய கூட்டத்துக்கு அவை ஆயத்தமாக இல்லை. ஆசைக்காக இதை மறைத்தால் வருகிற விருந்தினர் அடுத்த முறை வர மாட்டார்.

விடை மதுரையில் இருக்கிறது. மார்க்கையன்கோட்டையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். காலையில் கிளம்பிக் கூட்டத்தில் உட்கார்ந்து இரவு வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். கொழும்புக்கும் துபாய்க்கும் விமானம் உண்டு. தமுக்கத்தில் 2022-ல் திறந்த மாநாட்டு மையம் இருக்கிறது. சிறுதொழில் சங்கமான மடீட்சியாவின் அரங்கும் இருக்கிறது. விடுதி அறைக்குப் பஞ்சமில்லை. ஒரே எச்சரிக்கை: சித்திரைத் திருவிழா நாட்களைத் தொடக்கூடாது. அழகர் வரும் வழியே தமுக்கம் பக்கம்தான். அப்போது மதுரையில் அறை கிடைக்காது. இங்கே தேனிப் பக்கமும் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. வாகனமும் ஆளும் அங்கே போயிருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். என் கணக்கில் செப்டம்பர் இரண்டாம் பாதி சரியான நேரம். ஏலக்காய் எடுப்பு நடந்துகொண்டிருக்கும், முதல் போக நெல் அறுவடையை நெருங்கும், ஏதோ ஒரு பந்தலில் பழம் இருக்கும்.

இரண்டு நாள் மதுரையில் பேசட்டும். தமிழில் பேசட்டும், வெளிநாட்டவருக்கு மொழிபெயர்ப்பு காதில் ஓடட்டும். இன்று நடப்பது தலைகீழாக இருக்கிறது, விளைவிக்கிறவரே தன் பொருளைப் பற்றிய பேச்சைப் புரிந்துகொள்ள அடுத்தவர் தயவை நாட வேண்டியிருக்கிறது. அரங்கில் கால்வாசி இடம் விவசாயிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். அவர்கள் வந்துபோகப் பேருந்தும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு நட்சத்திர விடுதி விருந்துக்கு ஆகும் செலவைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் எல்லாரும் பள்ளத்தாக்குக்கு வரட்டும். காலையில் ஆனைமலையன்பட்டியும் திராட்சைப் பந்தல்களும். மதியம் மார்க்கையன்கோட்டையில் வயலைப் பார்த்தபடி சாப்பாடு, இந்த ஆற்றுத் தண்ணீரில் விளைந்த அரிசியில். பிறகு சின்னமனூர் வாழைத் தோப்பு. பிற்பகல் போடியில் ஏல மையம். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் மறுபடி ஓடுகிறது. அன்றே தொடங்கிய சென்னை சென்ட்ரல் ரயில் வாரத்தில் மூன்று நாள் இரவு போடியிலிருந்து கிளம்புகிறது. அந்த நாட்களில் ஒன்றைப் பார்த்து மாநாட்டை முடித்தால், அமைச்சரிடமும் செயலாளரிடமும் பேச வேண்டியவர்கள் இரவு ஏறிப் படுத்து, காலையில் சென்ட்ரலில் இறங்கிக்கொள்ளலாம்.