ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து: அமாக்ஸிசிலினும் மறந்துபோன விதியும்

பெங்களூரு: தொண்டை வலி என்றதும் பழைய மருந்துச் சீட்டை எடுத்துச் சென்று, "போன முறை கொடுத்த அதே மாத்திரை" என்று கேட்டு வாங்கும் பழக்கத்துக்குப் பெங்களூரும் விலக்கல்ல. சட்டப்படி இது தவறு. மருத்துவர் தனியே குறிப்பிட்டிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து வழங்க வேண்டும் என்கிறது 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 65-வது விதி.

புது தில்லியின் பெயர் சூட்டப்பட்ட, மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதி பற்றிய ஆய்வு 2010 ஆகஸ்டில் வெளியானபோது நாடாளுமன்றம் கொந்தளித்தது. பெயர் மீது எழுந்த கோபத்தில் பாதிகூட மருந்து விற்பனையின் மீது எழவில்லை. பின்னர் 2014 மார்ச் 1-ல் எச்-1 அட்டவணை அமலுக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்பவர், மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அன்று இடம்பெற்ற 46 மருந்துகளில் அமாக்ஸிசிலின் இல்லை. பழைய எச் அட்டவணையில் உள்ள அதற்குச் சீட்டு கட்டாயம். அந்தத் தனிப் பதிவேடு கிடையாது.

பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த இம்மருந்து, பாக்டீரியாவால் வரும் தொண்டை, காது, பல், நுரையீரல் தொற்றுகளுக்குப் பயன்படுகிறது. வைரஸால் வரும் ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு ஆகியவற்றில் இதனால் பயனில்லை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வயிற்றுப்போக்கு கடுமையானாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். காய்ச்சல் தணிந்துவிட்டது என்று தாமாகவே பாதியில் நிறுத்துவதும், மிஞ்சியதை வீட்டில் அடுத்தவருக்குக் கொடுப்பதும் கூடாது. சொன்ன அளவு, சொன்ன இடைவெளி, சொன்ன நாள்கள் மட்டுமே.

உயிர்காக்கும் மருந்துகளைத் தயாரிப்பதற்காக 1981-ல் தொடங்கப்பட்ட அரசுத் துறை நிறுவனமான கர்நாடக ஆன்டிபயாடிக்ஸின் ஆலை, இதே பெங்களூரின் பீன்யாவில் இருக்கிறது. அது மத்திய ரசாயன, உர அமைச்சகத்தின் கீழ் வருகிறது. விற்பனை விதிகளை வகுப்பது சுகாதார அமைச்சகம். கடைகளுக்கு உரிமம் தருவதும் பதிவேட்டைச் சோதிப்பதும் மாநில அரசு. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் இந்த மூன்றாவது வரிதான் பதிலாக வருகிறது.