ஊசிக்கு நரம்பு கிடைக்காதவர்களுக்கு வெயின் ஃபைண்டர் உதவுமா?

இரத்தம் உறையும் நோய்க்காக மாத்திரை சாப்பிடுபவர்கள் நம் ஜமாஅத்தில் பலர் இருக்கிறார்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். பரிசோதனைக்காக அடிக்கடி இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையின் அளவு குறைந்தால் மீண்டும் இரத்தம் கட்டும்; கூடினால் இரத்தக்கசிவு ஏற்படும். ஆகவே இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் மூன்று நான்கு முறை குத்தியும் இரத்தம் வராமல் கை நீலம் பாய்ந்தவர்கள், அந்தப் பயத்திலேயே லேப் பக்கம் போவதில்லை. "நரம்பைக் காட்டும் மெஷின் இருக்கிறதாமே, டிரஸ்டில் வாங்கி வைக்கலாமே" என்று எங்களிடம் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

பேச்சு வழக்கில் நரம்பு என்றாலும், ஊசி போடுவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையில்தான். வெயின் ஃபைண்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தோலின் மீது பாய்ச்சுகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றியுள்ள சதை அதைத் திருப்பி அனுப்பும். அந்த வேறுபாட்டை வைத்து, சிரை ஓடும் பாதையைக் கையின் மேலேயே கோடுகளாகக் காட்டுகிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. வலியும் கிடையாது. கருத்த தோலிலும் தெரியும்.

ஆனால் இதன் பார்வை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் ஆழம் வரைதான். பருமனான கையில் இன்னும் சிரமம். அதைவிட முக்கியமானது, கோடு தெரிவதால் மட்டும் அந்தச் சிரையில் இரத்தம் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது. உறைந்து அடைத்துக்கொண்ட சிரையும் கோடாகத் தெரியலாம். அதனால் அனுபவமுள்ள நர்ஸ் விரலால் தொட்டுப் பார்ப்பார். நல்ல சிரை ரப்பர் குழாய் போல அமுங்கி எழும்பும். அடைத்த சிரை கயிறு போல விறைப்பாக இருக்கும், சில சமயம் வலிக்கும். விரலால் இரத்தத்தைத் தள்ளிவிட்டு எடுத்தால், நல்ல சிரையின் கோடு மறைந்து மீண்டும் நிரம்பும். மறையாவிட்டால் அந்த இடத்தில் குத்தாமல் இருப்பதே நல்லது.

காலில் இரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கருவி அறவே உதவாது. ஆபத்தான கட்டி உருவாகும் ஆழ்சிரைகள் சதைக்குள் வெகு கீழே இருக்கின்றன. அதற்கு டாப்ளர் ஸ்கேன்தான். ஸ்கேன் கருவியால் அழுத்தும்போது நல்ல சிரை தட்டையாகிவிடும். கட்டி உள்ள சிரை தட்டையாகாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எங்கள் கருத்தில், இது வீட்டுக்கோ டிரஸ்டுக்கோ வாங்கும் பொருளல்ல. பயிற்சி உள்ளவர் கையில்தான் பயன்படும். கருவியைச் சாய்த்துப் பிடித்தாலே கோடு இடம் மாறித் தெரியும். எளிதில் சிரை கிடைப்பவர்களுக்கு இதனால் பெரிய லாபமும் இல்லை. குழந்தைகளுக்கும், பலமுறை குத்திக் கை சேதமானவர்களுக்கும் இருந்தால் நல்லது. "எனக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம், வெயின் ஃபைண்டர் இருக்கிறதா?" என்று லேபில் முதலிலேயே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதிலும் கிடைக்காவிட்டால் பெரிய மருத்துவமனைகளில் அல்ட்ராசவுண்டு பார்த்தே ஊசி போடுவார்கள். முன்பு கட்டி வந்த கை எது, டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கை எது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மெஷின் இல்லாமலேயே பாதி வேலையை நாம் செய்யலாம். தண்ணீர் குடிக்க டாக்டர் தடை சொல்லாவிட்டால் போவதற்கு முன் நன்றாகக் குடியுங்கள். கையை வெதுவெதுப்பாக வைத்துக் கொஞ்ச நேரம் கீழே தொங்கவிடுங்கள். நோன்பு நாட்களில் அஸருக்குப் பின் உடல் வறண்டிருக்கும், காலையிலேயே போய்விடுவது எளிது. நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியை எடுத்தபின் முழங்கையை மடக்காமல், கையை நீட்டிப் பஞ்சை வைத்துக் குறைந்தது 5 நிமிடம் அழுத்துங்கள். இரத்தம் நிற்கும் வரை லேபை விட்டுக் கிளம்ப வேண்டாம்.