திருப்பி ஓட்டிச் செல்ல முடியாத ஆடு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி உழவர் ஓராண்டில் இரண்டு விதமான விற்பனையைச் சந்திக்கிறார். பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு செல்கிறார். அங்கே அது எடை போடப்படுகிறது. வியாபாரிகள் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் சீட்டில் எழுதிப் போடுகிறார்கள். மறைமுக ஏலத்தில் வந்த அதிகபட்ச விலை பிடிக்கவில்லை என்றால் 'விற்கவில்லை' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதே உழவர் தம் பட்டியில் வளர்ந்த ஐந்து ஆட்டுக்குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லும்போது எடை இல்லை, எழுதிய விலை இல்லை, மறுக்கும் உரிமையும் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

இவ்விரு மாவட்டங்களிலும் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவன் என்ற முறையில், ஆட்டுக்கு நோய் வந்து இழந்தவர்களைவிட, நல்ல ஆட்டைத் தவறான நாளில் விற்று இழந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இளம் உயிரை விற்பது எங்குமே ஆபத்தான தொழில்தான். செலவு முதலில் வருகிறது. விலை கடைசியில்தான் தெரிகிறது. உலகிலேயே மிக ஒழுங்காக நடத்தப்படுவதாகக் கருதப்படும் பந்தயக் குதிரைக்குட்டி ஏலங்களிலும் இதுவே நிலை. குதிரையின் சினைக்காலம் பதினொரு மாதம். ஈன்ற குட்டி ஓராண்டு தாண்டிய பிறகே ஏலத்துக்கு வரும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள கீன்லாந்து ஏலக்கூடத்தில் 2009 செப்டம்பரில் விற்ற குட்டிகள், 2007-இல் சந்தை உச்சத்தை ஒட்டி இருந்தபோது பேசிய இனச்சேர்க்கைக் கட்டணத்தில் உருவானவை. இடையில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அந்த ஏலத்தின் மொத்த விற்பனை முந்தைய ஆண்டைவிட நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. நூறு குட்டி வைத்திருந்தவர் ஒன்றின் நட்டத்தை இன்னொன்றில் சரிக்கட்டினார். இரண்டு குட்டி வைத்திருந்தவருக்கு அந்த வழியில்லை.

குட்டியைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதிலும் நிச்சயம் ஏதும் இல்லை. 1983-இல் கீன்லாந்தில் 1 கோடி டாலருக்கு மேல் ஏலம் போன ஸ்னாஃபி டான்சர் என்ற குட்டி ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. 1975-இல் வெறும் 17,500 டாலருக்கு விற்ற சியாட்டில் ஸ்லூ, 1977-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. அதை வளர்த்து விற்றவருக்கு அந்த 17,500 டாலர்தான் குட்டியின் விலை.

ஆயினும் குதிரை ஏலத்தில் விற்பவருக்கு மூன்று காப்புகள் உண்டு. குட்டியின் வம்சாவளி அச்சிட்ட பட்டியலில் இருக்கும். போட்டி எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். இவ்வளவுக்குக் கீழே கேட்டால் விற்பதில்லை என்று உரிமையாளர் முன்கூட்டியே ஓர் அடிவிலை குறித்துக் கொடுக்கலாம். அந்த விலை வரவில்லையென்றால் குட்டி வீடு திரும்பும். நம் ஆட்டுக்காரருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இந்த வட்டாரத்துக்கென்று ஓர் ஆட்டுச் செல்வம் உண்டு. திருச்சி கருப்பு என்னும் செம்மறி இனத்தின் தாயகத்தில் பெரம்பலூரும் அடங்கும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறி ஆடுகளும் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி, பத்துக்கும் குறைவாகவோ சற்றுக் கூடுதலாகவோ வைத்திருக்கும் சிறு குடும்பங்களின் உடைமை. இங்கிருந்து ஆடுகள் கடலூர் மாவட்டம் வேப்பூரின் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும், திருச்சி மாவட்டம் சமயபுரத்தின் சனிக்கிழமைச் சந்தைக்கும் போகின்றன. பல நேரங்களில் வியாபாரியே பட்டிக்கு வந்து மொத்தமாக மதிப்புப் போட்டு ஓட்டிச் சென்றுவிடுகிறார்.

இங்குள்ள முதல் இடர், நாட்காட்டியில் இருக்கிறது. ஆடியில் கிராம தெய்வங்களுக்குக் கிடா வெட்டு, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல். இவை விலை ஏறும் நாட்கள். நடுவே புரட்டாசி வருகிறது. பலர் புலால் விலக்கும் மாதம். கறிக்கடைகளில் கூட்டம் குறையும். ஆனால் மானாவாரி மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் விதை, உரம், களையெடுப்பு என்று உழவருக்குப் பணம் தேவைப்படுவதும் அதே மாதங்களில்தான். மேலும், பயிர் நிற்கும் காட்டில் ஆடு மேய்க்க முடியாது. மேய்ச்சல் தரை சுருங்கி வரப்பும் ஏரிக்கரையும்தான் மிஞ்சும். வாங்குவோர் குறைவு, தீவனம் குறைவு, பணத்தேவை அதிகம் என்ற மூன்றும் ஒரே காலத்தில் சேர்கின்றன. நான்கு வாரம் பொறுத்தால் தீபாவளி விலை கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது இடர், எடை. சந்தையில் ஆடு பெரும்பாலும் கண் மதிப்பில்தான் விற்கப்படுகிறது. தரகர் முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பார். இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். இத்தனை கிலோ கறி தேறும் என்பார். உயிர் எடையில் ஏறத்தாழ பாதி, அல்லது சற்றுக் குறைவாகவே கறியாகும். இருபது கிலோ ஆட்டில் ஒன்பது முதல் பத்து கிலோ. கறி கிலோ 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கண் மதிப்பில் ஒரு கிலோ குறைந்தால் ஓர் ஆட்டுக்கு 800 ரூபாய்; ஐந்து ஆட்டுக்கு 4,000 ரூபாய். மதிப்பு இரு பக்கமும் தவறலாமே என்று கேட்கலாம். வாரந்தோறும் நூற்றுக்கணக்கான ஆடுகளைத் தொட்டுப் பார்ப்பவர் கையும், ஆண்டுக்கு நான்கைந்து ஆடு விற்பவர் கையும் ஒரே அளவில் தவறுவதில்லை.

மூன்றாவது இடர், நோய். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சிறு கடிப்பூச்சிகளால் செம்மறிகளுக்கு நீலநாக்கு நோய் பரவும். ஆட்டுக்கொல்லி நோய் வெள்ளாடு, செம்மறி இரண்டையும் தாக்கும். பக்கத்து ஊரில் ஆடு செத்தது என்ற செய்தி வந்தாலே, இருப்பதை வந்த விலைக்குத் தள்ளிவிடும் பதற்றம் தொற்றிக்கொள்கிறது.

இந்த மூன்றும் சேர்ந்து பறிப்பது ஒன்றைத்தான்: மறுக்கும் ஆற்றல். சந்தைக்குப் போய் விலை படியாமல் ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் வண்டி வாடகை இருமடங்கு. பல ஊர் ஆடுகளோடு நின்ற அந்த ஆடு, பட்டிக்கு நோயையும் சுமந்து வரலாம். திரும்பிய ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்ட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வோம். ஒரே கொட்டகை உள்ளவர் எங்கே கட்டுவார்? மாலை ஆக ஆக விற்பவர் இறங்குவார் என்பது வியாபாரிக்குத் தெரியும். இதில் வியாபாரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் தம் தொழிலைச் செய்கிறார். விற்பவர் கையில்தான் எதுவும் இல்லை.

பருத்திக்கு இது எப்படிக் கிடைத்தது? சட்டமும், கூடமும், தராசும், இருப்பு வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடனும் சேர்ந்துதான் பயிர் விளைவிப்பவருக்குக் காத்திருக்கும் வலிமையைத் தந்தன. ஆட்டைக் கிடங்கில் அடுக்க முடியாது. அது தின்னும், நோயுறும். ஆகவே வேறு வழியில்தான் அந்த வலிமையைத் தர வேண்டும்.

முதலாவது, தராசு. வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சிகள் ஆண்டுதோறும் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டுகின்றன. குத்தகை நிபந்தனைகளில், உயிர் எடை காட்டும் மின்னணுத் தராசு ஒன்றை இலவசமாகப் பயன்பாட்டுக்கு வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எடைக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. எடை தெரிந்தவரிடம் பேரம் வேறு விதமாக நடக்கும்.

இரண்டாவது, புரட்டாசிக்கான பணம். உழவர் கடன் அட்டை 2019 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு 2 லட்சம் ரூபாய் வரை நான்கு விழுக்காட்டு வட்டியே ஆகிறது. பத்தாயிரம் ரூபாய் தேவைக்காக இரண்டு ஆடுகளை மலிவாகத் தள்ளிவிடுவதைவிட, அதே தொகையை இரண்டு மாதத்துக்குக் கடனாகப் பெறுவது மிக மலிவு. வட்டி நூறு ரூபாயைத் தொடாது. நில ஆவணத்தையும் பிணையையும் காட்டித் தட்டிக் கழிக்காமல், சிறு தொகைகளை வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் விதைப்புக்கு முன்பே தர வேண்டும்.

மூன்றாவது, காப்பீடும் தடுப்பூசியும். கால்நடைக் காப்பீட்டில் பயனாளியின் பிரீமியப் பங்கு 2024 பிப்ரவரியில் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆடுகளுக்கும் அது உண்டு. பருவமழைக்கு முன் ஊசி போட்டுக் காப்பீடும் செய்தவர் வதந்தி கேட்டு விற்க மாட்டார்.

ஆட்டுக்காரர்கள் தாமே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பக்ரீத் நாள் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னகரும்: 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7. குர்பானிக்கான வெள்ளாடு ஓராண்டு நிறைந்ததாக, கொம்பு முறியாமல், ஊனமின்றி இருக்க வேண்டும். ஐந்து மாதச் சினைக்காலத்தையும் கூட்டினால், கிடா சேர்க்க வேண்டிய மாதம் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தெரிந்துவிடும். ஓர் ஊரின் பத்துக் குடும்பங்கள் இந்தக் கணக்கில் ஒரே வயதுக் கிடாக்களை வளர்த்துச் சேர்ந்து விற்றால், வியாபாரி ஊருக்கு வருவார். விலை படியாவிட்டால் ஆடு பட்டியிலேயே நிற்கும்.

ஏலமோ பேரமோ, எந்த விற்பனையிலும் நியாயமான விலையைத் தீர்மானிப்பது வாங்குபவரின் நல்ல மனம் அன்று. 'இந்த விலைக்குத் தர மாட்டேன்' என்று விற்பவர் சொல்லக்கூடிய நிலை. கீன்லாந்தின் குதிரைக்காரருக்கு அடிவிலை இருக்கிறது. பெரம்பலூர்ப் பருத்தி உழவருக்கும் மறுக்கும் உரிமை இருக்கிறது. அவரே வளர்க்கும் ஆட்டுக்கு மட்டும் அது இல்லாமலிருக்கக் காரணம் ஏதும் இல்லை.