ரெண்டு மாச லீவும் நாலு வருஷக் கணக்கும்

தொடர் – 7

சோதனையெல்லாம் முடிந்து, ‘ஐ.யு.ஐ. (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) பண்ணலாம், இல்லேன்னா நேரா ஐ.வி.எஃப். (கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைப்பது) போயிடலாம்’ என்று டாக்டர் சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் அந்தப் பேச்சு வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு வேலை தொடங்கும். மாமியார் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வேண்டிக்கொள்வார். கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால் நாள் குறிப்பதில் குழப்பமில்லை. மாமனார் “காட்டை அடகு வச்சாவது பாத்துடலாம்” என்பார். மருமகளின் வளையல் நகைக்கடனுக்குத் தயாராகிவிடும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்தது எத்தனை மாதம் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெரு இந்த இரண்டு மாவட்டங்களிலும் குறைவு. கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறுகிறவர், இரண்டு வருஷம் கழித்து இரண்டு மாத லீவில் வருகிறார். திரும்பவும் போகிறார். ஊர் வாய்க்கு இது ‘நாலு வருஷமாச்சு, இன்னும் விசேஷமில்ல’. ஓ.பி.யில் கூட்டம் நெரிகிறபோது நடக்கிற உரையாடலும் அதே அளவில்தான் இருக்கும்.

“கல்யாணமாகி எத்தனை வருஷம்மா?”

“நாலு வருஷங்க மேடம்.”

சீட்டில் 4 என்று விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எழுதப்படும் எல்லா மருந்தும் அந்த 4-ஐ நம்பித்தான். உலக சுகாதார நிறுவனமோ, 12 மாதம் அல்லது அதற்கு மேல் கருத்தடை இல்லாமல் தொடர்ந்து உறவு இருந்தும் கரு தங்காவிட்டால்தான் குழந்தையின்மை என்கிறது. பெண்ணுக்கு 40 வயதுக்குள் இருந்தால் நூறு ஜோடிகளில் 80-க்கு மேல் முதல் வருஷத்திலேயே கருத்தரிக்கும். மிச்சத்தில் பாதி இரண்டாம் வருஷத்தில். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறிகள் காரணம் பிடிபடாத ஜோடிகளை மொத்தம் இரண்டு வருஷம் முயன்று பார்த்துவிட்டு ஐ.வி.எஃப்.-க்கு வரச் சொல்வது இதனால்தான். நாலு வருஷக் கல்யாணத்தில் மூன்று மாதம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு முதல் மருந்து, லீவை நீட்டிப்பதாகக்கூட இருக்கலாம். கேட்காவிட்டாலும் இதை டாக்டரிடம் நாமாகச் சொல்லிவிட வேண்டும். சொல்வதில் கூச்சம்தான், வட்டி கட்டுவதைவிட அது தேவலை.

ஆனால் ‘பொறுத்துப் பாப்போம்’ எல்லோருக்கும் பொருந்தாது. மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். கருக்குழாய் இரண்டும் அடைத்திருந்தால் (நம் நாட்டில் கருக்குழாயைத் தாக்கும் காசநோயும் இதற்கு ஒரு காரணம்) ஐ.யு.ஐ. ஆறு தடவை செய்தாலும் விந்தணு முட்டையைப் போய்ச் சேர வழியில்லை; அங்கே ஐ.வி.எஃப். சொல்வது நியாயம். மாதவிலக்கு தப்பித் தப்பி வருகிற சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கோ பெரும்பாலும் மாத்திரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த மாத்திரைக்கே ஒரு கதை உண்டு. லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்காக வந்தது. கருத்தரிப்புக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று இந்திய அரசு 2011-இல் தடை போட்டது. 2014-இல் அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், பழைய மாத்திரையான குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. 2017-இல் இங்கே தடை நீங்கியது. லட்ச ரூபாய் சிகிச்சைக்கு முன்னால் இப்படி விலை குறைந்த படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

இன்னொரு படி, கணவரின் விந்துப் பரிசோதனை. அவளுக்குக் குழாய் டெஸ்ட்டும் ஸ்கேனும் முடிந்து அவருக்கு ஒரு டப்பாவில் சாம்பிள் கொடுக்கக்கூட நேரம் வராத வீடுகள் உண்டு. இதைத் துபாயிலேயே, சிங்கப்பூரிலேயே செய்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். லீவின் கடைசி வாரத்தில் செய்து, குறை தெரிந்து, மறுநாள் விமானம் ஏறுவதில் யாருக்கு என்ன லாபம்? விந்தை உறைய வைத்துவிட்டுப் போகும் வசதியும் இருக்கிறது. அவர் இல்லாத மாதத்திலும் சிகிச்சை நடக்கும். சம்மதக் கையெழுத்து மட்டும் இருவரும் போட வேண்டும்.

சரி, ஐ.வி.எஃப். தான் என்று ஆகிவிட்டது. கல்யாண மண்டபத்தில் நடக்கும் இலவச முகாம்களின் நோட்டீஸில் பெரிய எழுத்தில் ஒரு சதவீதம் இருக்கும். எதில் அத்தனை? ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களிலா, ஸ்கேனில் துடிப்பு தெரிந்தவர்களிலா, பிள்ளையோடு வீட்டுக்குப் போனவர்களிலா? மூன்றும் வேறு வேறு. எல்லா மையங்களின் கணக்கையும் அரசே வாங்கி வெளியிடும் பிரிட்டனில், சொந்த முட்டையில் உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் இருபதில் ஒன்று. ‘என் மனைவி வயசுக்காரங்க போன வருஷம் எத்தனை பேர் உங்ககிட்ட வந்தாங்க, எத்தனை பேருக்குக் குழந்தை பொறந்துச்சு?’ என்று கேளுங்கள். வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கரு தங்கும் ஆபத்து எல்லாவற்றையும் ஆலோசனை தந்து விளக்குவது மையத்தின் கடமை என்று 2021-ஆம் ஆண்டின் கருத்தரிப்புச் சிகிச்சைச் சட்டமே சொல்கிறது. பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

‘கரு ஒட்டுறதுக்கு கருப்பையை லேசா சுரண்டி விடுவோம்’ என்று கூடுதல் பில் வந்தாலும் நின்று கேளுங்கள். 1,364 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், சுரண்டிய குழுவிலும் சுரண்டாத குழுவிலும் குழந்தை பிறந்தது ஒரே 26.1 சதவீதத்தினருக்குத்தான்.

பணத்தில் மருத்துவமனை பில் ஒரு பாகம்தான். முட்டை வளர்ச்சி பார்க்க ஒன்று விட்டு ஒரு நாள் ஸ்கேன் இருக்கும். ஆலத்தூர் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் திருச்சி போய்த் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. வெங்காய அறுப்பு நேரமென்றால் ஆள் வைக்கவும் வேண்டும். அரசுத் தரப்பில் சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. அரியலூரில் ரயில் ஏறினால் எழும்பூரிலேயே இறங்கலாம். பெரம்பலூர்க்காரர்களுக்கு அந்த வசதியில்லை, ஊருக்கு ரயிலே கிடையாது.

கடன் வாங்குமுன் இருவரும் தனியாக உட்கார்ந்து, எத்தனை சுற்று, எவ்வளவு ரூபாய் வரை என்று எழுதிக்கொள்வது நல்லது. முதல் சுற்று தோற்ற அன்றைக்கு, ‘அடுத்த மாசமே திரும்பப் பண்ணிடலாம்’ என்ற குரலுக்கு முன்னால் புதிதாகக் கணக்குப் போடுகிற தெம்பு யாருக்கும் இருக்காது. அந்தப் பேச்சில் மாமியார் வேண்டாம், அண்ணன் வேண்டாம். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவள் ‘எனக்கு இது வேண்டாங்க’ என்று சொன்னால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதலாம்.

அப்படி எழுதிவிட்டுத் தத்தெடுக்க நினைப்பவர்களிடம் அரசின் தத்துப் பதிவில் என்னென்ன கேட்பார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)