வைட்டமின் ஏற்பிகளும் மூளையின் துணைச் செல்களும்

சில மாதங்களுக்கு முன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு பெண்மணியை அவருடைய கணவர் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்து வந்தார். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், மிகுந்த சோர்வு. நோய் முற்றிவிட்டதோ என்று இருவரும் அஞ்சியிருந்தனர். பரிசோதித்ததில் இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருந்தது. வாரம் ஒருமுறை அருந்த வேண்டிய 60,000 அலகு வைட்டமின் டி மருந்தை, நரம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, இரண்டு மாதங்களாக நாள்தோறும் கொடுத்து வந்திருக்கிறார் கணவர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் கேள்விப்பட்டது முற்றிலும் பொய்யன்று.

மூளையில் நரம்புச் செல்களோடு, அவற்றைப் பேணும் துணைச் செல்களும் உள்ளன. இவற்றுள் ஒலிகோடென்ட்ரோசைட் எனப்படும் செல், மின்கம்பிக்கு மேலுறை இடுவதுபோல நரம்பிழையைச் சுற்றி மயலின் உறையை அமைக்கிறது. இந்நோயில் சிதைவது அவ்வுறையே. அதைச் செப்பனிடக்கூடிய முன்னோடிச் செல்கள் முதிர்ந்தோர் மூளையிலும் இருக்கின்றன. ஆனால் பல நேரங்களில் அவை முதிர்ச்சியடையாமலே நின்றுவிடுகின்றன.

அவை முதிர்வதில்தான் வைட்டமின்களுக்குப் பங்குண்டு. நம் உடலின் செல்கள் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுப்பைக் கொண்டவை. எவை இயங்குகின்றன, எவை உறங்குகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு செல் இன்னதென்று ஆகிறது. வைட்டமின் டி-யின் ஏற்பி செல்லின் உட்கருவில், ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பி என்னும் துணையோடு இணைந்து, மரபணுக்களின் மீது அமர்ந்து அவற்றை இயக்குகிறது. இத்துணை ஏற்பியின் காமா வகை மயலின் சீரமைப்பை விரைவுபடுத்துவதாக 2011-இல் கேம்பிரிட்ஜ், எடின்பரோ ஆய்வாளர்கள் விலங்குகளில் கண்டனர். வைட்டமின் டி ஏற்பி அதனோடு கைகோத்து முன்னோடிச் செல்களை முதிரச் செய்வது 2015-இல் தெரியவந்தது.

அடுத்து மனிதரிடம் சோதனை நிகழ்ந்தது. தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பயன்படும் பெக்சரோட்டீன் என்னும் மருந்து இவ்வேற்பியைத் தூண்டும். 52 நோயாளிகளில் பாதிப் பேருக்கு அம்மருந்தும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் ஆறு மாதம் அளிக்கப்பட்டன. 2021-இல் வெளியான முடிவில், ஸ்கேன் வழியாக அளந்த முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் சைகைகள் விரைவு பெற்றதற்கான அறிகுறிகள் மட்டும் தென்பட்டன. ஆனால் மருந்து உண்ட அனைவருக்கும் தைராய்டு சுரப்பு குறைந்தது; பெரும்பாலோருக்கு இரத்தக் கொழுப்பும் ஏறியது. ஆகவே அம்மருந்து இந்நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. வழி சரியானது, வாகனம்தான் சரியில்லை என்பது என் கருத்து.

ஏற்பியைத் தூண்டுவது வேறு, வைட்டமினை அள்ளி உண்பது வேறு. மிகையான வைட்டமின் டி சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிகையான வைட்டமின் ஏ கல்லீரலைத் தாக்கும். தலைக்குள் அழுத்தத்தை உயர்த்தும். கருவிலுள்ள குழந்தைக்கும் ஊறு செய்யும். குறைபாடு இருப்பின் ஈடுசெய்ய வேண்டும். அளவையும் கால இடைவெளியையும் மருந்துச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் சத்து மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பெண்மணிக்கு மருந்தை நிறுத்திச் சிரைவழி உப்புநீர் செலுத்தினோம். உடற்கொழுப்பில் சேர்ந்த வைட்டமின் டி எளிதில் நீங்காதாகையால், கால்சியம் சீராகப் பல வாரங்கள் ஆயின. கணவர் இப்போது நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.